கோழி இட்ட வரி

"அடுத்த மாடலில் என்ன எஞ்சின் வரும்?"

நடுத்தர பிக்அப் வைத்திருக்கும் நாலு அமெரிக்கர்கள் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நாம் டீ குடிக்கப் போய்விடலாம். திரும்பி வந்தாலும் பேச்சு முடிந்திருக்காது. ஆறு சிலிண்டர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா என்பார் ஒருவர். டீசல் வந்தால்தான் வாங்குவேன் என்பார் இன்னொருவர். இனிமே ஹைப்ரிட்தான், இனிமே பேட்டரிதான், ஹைட்ரஜனைப் பாருங்க என்று ஆளுக்கொரு ஜோசியம் ஓடும்.

நமக்கு பிக்அப் என்றதும் நினைவுக்கு வருவது தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போகும் பொலேரோ. 'குட்டி யானை' அதைவிடச் சின்னது. இங்கே நான் சொல்வது டொயோட்டா ஹைலக்ஸ், டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரோலே கொலராடோ வகையறா. இலங்கையில் 'டபுள் கெப்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்னால் நாலைந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டியில் சாமான் ஏற்றலாம். அமெரிக்காவின் ராட்சத பிக்அப்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தம்பி மாதிரி இருக்கும். அதனால்தான் அங்கே அது 'நடுத்தரம்'.

இந்த வண்டிகளின் அறுபது வருடக் கதையைப் படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் பிடிபடும். எல்லோரும் பானட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்த எஞ்சின் எது என்பது பெரும்பாலும் வேறு இடங்களில் முடிவாகிக்கொண்டிருந்தது. சுங்க இலாகாவில், எண்ணெய்ச் சந்தையில், சட்டசபைகளில். இதில் முதல் முடிவு கோழிக்கறியை முன்னிட்டு எடுக்கப்பட்டது.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கோழி வளர்ப்பு தொழிற்சாலை வேலையாக மாறியது. கறி மலிந்தது. அந்த மலிவுக் கோழி மேற்கு ஜெர்மனியின் சந்தையில் குவிந்தபோது ஐரோப்பிய விவசாயிகள் கூச்சல் போட்டார்கள். 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை கோழி இறக்குமதிக்கு வரியைக் கூட்டியது. பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. கென்னடி கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 1963 டிசம்பர் 4ஆம் தேதி, புதிய அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடி அறிவிப்பில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இவற்றோடு இலகு ரக டிரக். குறி, மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஃபோக்ஸ்வேகன் வண்டிகள். ஆனால் வர்த்தக விதிகளின்படி ஒரு நாட்டை மட்டும் தனியாகத் தண்டிக்க முடியாது. எனவே எந்த நாட்டு டிரக் வந்தாலும் 25 சதவீத வரி.

காலப்போக்கில் மாவுக்கும் பிராந்திக்கும் போட்ட வரி போய்விட்டது. டிரக் மீதான வரி மட்டும் இன்றுவரை இருக்கிறது. 'சிக்கன் டாக்ஸ்' என்பது அதன் செல்லப்பெயர்.

சரி, கோழிக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?

அப்போது ஜப்பானிலிருந்து குட்டி பிக்அப்கள் அமெரிக்காவுக்கு வரத் தொடங்கியிருந்தன. 1959இல் டாட்சன் கொண்டுவந்த வண்டியில் ஒரு லிட்டர் எஞ்சின், 37 குதிரைத்திறன். உள்ளூர் ஆட்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் தோட்டவேலை செய்கிறவருக்கும் குழாய் ரிப்பேர்க்காரருக்கும் அது போதுமானதாக இருந்தது. டொயோட்டா 1968இல் ஹைலக்ஸை அறிமுகப்படுத்தி, அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்கு அனுப்பியது. 25 சதவீத வரியைக் கட்டினால் இந்த வண்டிகளின் ஒரே பலமான மலிவு விலை செத்துவிடும். அதற்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. பின்தொட்டி இல்லாமல் கேபினும் சட்டகமும் மட்டும் இறங்கினால் வரி 4 சதவீதம்தான். தொட்டியைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே செய்து மாட்டிக்கொள்ளலாம். டொயோட்டா அமெரிக்காவில் முதன்முதலில் தயாரித்த பொருள், 1972 முதல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் செய்த டிரக் தொட்டிகள்.

சுவாரசியம் என்னவென்றால், யாரைக் காப்பாற்ற வரி போட்டார்களோ அவர்களும் இதே வழியில் வந்தார்கள். ஃபோர்டு தன் பெயரை ஒட்டி விற்ற 'கூரியர்' மஸ்டா செய்தது. செவ்ரோலேயின் 'எல்யூவி' இசுசு செய்தது. இரண்டுமே 1972 மாடல்கள். சுபாரு ஒரு படி மேலே போனது. தன் 'பிராட்' பிக்அப்பின் திறந்த தொட்டிக்குள் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளை வைத்து, "இது டிரக் இல்லீங்க, ஆள் ஏறும் கார்" என்று சுங்கத்தில் கணக்குக் காட்டியது. ரொனால்ட் ரீகன்கூட தன் பண்ணையில் ஒரு பிராட் வைத்திருந்தார்.

1980இல் கேபின்-சட்டக ஓட்டையை அரசு அடைத்தது. அதற்குப் பிறகு ஒரே வழி, அமெரிக்க மண்ணில் ஆலை போடுவது. டென்னசியின் ஸ்மிர்னாவில் நிசான் கட்டிய ஆலையிலிருந்து 1983இல் வெளிவந்த முதல் வண்டி ஒரு பிக்அப். எஞ்சின் கதைக்கு இங்கேதான் முடிச்சு விழுகிறது. வெளியே செய்து கொஞ்சமாகக் கொண்டுவந்து விற்றுப் பார்ப்பதற்கு 25 சதவீத அபராதம் என்றால், வெளியே எத்தனை வகை எஞ்சின் இருந்தாலும் அமெரிக்கருக்கு வந்து சேர்வது, அங்கேயே லட்சக்கணக்கில் செய்யக் கட்டுப்படியாகும் ஓரிரண்டு மட்டும்தான்.

*

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனைக்குத் தடை போட்டன. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் வண்டிகளின் சராசரி மைலேஜ் இத்தனை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். 1979இல் ஈரான் புரட்சியோடு இரண்டாவது அடி விழுந்தது.

அன்றைய ஜோசியம் ஒரே குரலில் ஒலித்தது: எதிர்காலம் டீசல். நம்பவும் காரணம் இருந்தது. டொயோட்டா, டாட்சன், இசுசு மூன்றுமே 1981 வாக்கில் டீசல் பிக்அப் விற்றன. 1983 மாடலாக வந்த ஃபோர்டு ரேஞ்சரில் மஸ்டா வழியாக வந்த 2.2 லிட்டர் டீசல் கிடைத்தது. பிறகு மிட்சுபிஷியின் டர்போ டீசல். செவ்ரோலே எஸ்-10 வண்டியில் இசுசுவின் டீசல். சிறிய பிக்அப்களுக்கு இத்தனை டீசல்கள் அமெரிக்காவில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

1986இல் எண்ணெய் விலை சில மாதங்களில் பாதிக்கும் கீழே விழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபீல் டீசல் கார்கள் அடிக்கடி பழுதாகி டீசல் என்ற சொல்லுக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்திருந்தன. ஓரிரு ஆண்டுகளில் சிறிய பிக்அப்களிலிருந்து டீசல் துடைத்தெடுத்தாற்போலக் காணாமல் போனது. அந்த எஞ்சின்களில் பல பிற நாடுகளில் இன்னும் பத்திருபது வருடம் உழைத்தன.

பெட்ரோல் மலிந்ததும் ஜோசியம் திரும்பியது. இனிமேல் பெரிய எஞ்சின்தான்! டொயோட்டா 1986இல் தன் பிக்அப்பில் 135 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் டர்போ ஒன்றைப் போட்டிருந்தது. 1988இல் மூன்று லிட்டர் வி6 வந்ததும் டர்போவைக் கைவிட்டது. 1987இல் டாட்ஜ் கொண்டுவந்த 'டகோட்டா', சிறியதுக்கும் பெரியதுக்கும் நடுவில் ஒரு புது அளவை உருவாக்கியது. 'நடுத்தரம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான். 1991இல் அதில் எட்டு சிலிண்டர் எஞ்சினே வந்துவிட்டது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு எஞ்சின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டொயோட்டாவின் 22ஆர். 2,366 சிசி, நான்கு சிலிண்டர், நூறைச் சுற்றி குதிரைத்திறன். 1981இலிருந்து 1995 வரை, இடையில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்ததைத் தவிரப் பெரிய மாற்றமில்லை. யாரும் இதை எதிர்காலம் என்று சொன்னதில்லை. மேடேறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தெருமுனை மெக்கானிக்கே பிரித்து மாட்டலாம். முப்பது வருடம் கழித்தும் அதே எஞ்சினோடு ஓடும் வண்டிகள் இருக்கின்றன. பிக்அப்பை வைத்துப் பிழைக்கிறவருக்கு வேண்டியது இதுதானோ என்று தோன்றும்.

*

1990 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் காற்றுத்தர வாரியம் ஒரு விதி போட்டது. அங்கே பெரிய அளவில் விற்கும் கம்பெனிகள், 1998இல் தங்கள் விற்பனையில் 2 சதவீதமும் 2003இல் 10 சதவீதமும் புகையே விடாத வண்டிகளாக விற்றாக வேண்டும். புகையே விடாத வண்டி என்றால் அன்றைக்கு அர்த்தம் பேட்டரி வண்டி.

ஆக, மின்சார பிக்அப் போன நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. செவ்ரோலே தன் எஸ்-10 பிக்அப்புக்குள் ஈவி1 மின்சாரக் காரின் மோட்டாரை வைத்து 1997, 1998 மாடல்களாக ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவாகச் செய்தது. ஃபோர்டு 1998 முதல் 2002 வரை சுமார் 1,500 மின்சார ரேஞ்சர்களைச் செய்தது. ஈயப் பேட்டரியில் ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் முன்பின். பிறகு வந்த நிக்கல் பேட்டரியில் இன்னும் கொஞ்சம். மின்வாரியங்கள், நகராட்சிகள், தபால் துறை போன்றவைதான் பெரும்பாலும் ஓட்டின. ஒரே ஊருக்குள் சுற்றிவிட்டு ராத்திரி ஷெட்டுக்குத் திரும்பும் வேலைக்கு அது போதும்.

ஆனால் வாரியம் 1996லேயே 1998 கெடுவை விட்டுக்கொடுத்துவிட்டது. விதி நெகிழ்ந்ததும் கம்பெனிகளுக்கு ஆர்வமும் வடிந்தது. பெரும்பாலான வண்டிகள் லீஸில்தான் போயிருந்தன. லீஸ் முடிந்ததும் திரும்ப வாங்கி நசுக்கத் தொடங்கினார்கள். 2005 தொடக்கத்தில் மின்சார ரேஞ்சர் ஓட்டியவர்கள் சிலர் விற்பனை நிலைய வாசலில் போராடினார்கள். "காசு தர்றோம், வண்டியைக் குடுங்க" என்பதுதான் கோரிக்கை. ஃபோர்டு இறங்கிவந்தது. சில ரேஞ்சர்கள் பிழைத்தன.

ஓடுகிற வண்டியை, ஓட்ட ஆள் இருக்கும்போதே நசுக்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த பேட்டரிகள் கனமானவை, விலை அதிகம், தூரம் குறைவு, எல்லாம் உண்மை. ஆனாலும் அவை சாலைக்கு வந்தது ஒரு விதியால், போனது அந்த விதி தளர்ந்ததால்.

*

அமெரிக்கா இப்படி இருக்க, தாய்லாந்தில் கதை வேறு. அங்கே அரசு பிக்அப்புக்குக் காரைவிட மிகக் குறைந்த கலால் வரி வைத்தது. விவசாயிக்கு வேலை வண்டி, அதே வண்டிதான் குடும்பக் கார். ஜப்பானியக் கம்பெனிகள் அங்கே குவிந்தன. 2010களில் தாய்லாந்து பல ஆண்டுகள் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான பிக்அப்களைச் செய்தது. பெரும்பாலும் டீசல். 2004இல் அமெரிக்காவும் தாய்லாந்தும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பேசத் தொடங்கியபோது, அமெரிக்க கார் கம்பெனிகள் பதறியது அந்த 25 சதவீதத்தை நினைத்துத்தான். 2006இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததோடு பேச்சு நின்றது. வரி பிழைத்தது.

அதே காலத்தில் அமெரிக்க மைலேஜ் சட்டம் ஒரு புது வடிவம் எடுத்தது. வண்டியின் நான்கு சக்கரங்களும் தரையில் தொடும் இடங்களை இணைத்தால் ஒரு செவ்வகம் வரும். அந்தப் பரப்பு பெரிதாக இருந்தால் மைலேஜ் இலக்கு தளர்வு, சிறிதாக இருந்தால் இலக்கு கடுமை. நோக்கம் நல்லதுதான்: ஆபத்தான அளவுக்கு வண்டியைச் சுருக்கி யாரும் கணக்குக் காட்டக் கூடாது. ஆனால் குட்டி பிக்அப்புக்கு அது பாரமானது. சின்னதாக இருந்துகொண்டு பாரமும் இழுத்து, காருக்கு நிகரான மைலேஜும் தர வேண்டும். அதைவிட வண்டியையே கொஞ்சம் பெரிதாக்கிவிடுவது சுலபம்.

2011 டிசம்பரில் மினசோட்டாவின் செயின்ட் பால் ஆலையில் கடைசி ரேஞ்சர் இறங்கியது, ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டு தாய்லாந்தின் ராயோங்கில் புத்தம்புது ரேஞ்சர் உற்பத்தி தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் வடிவமைத்தது. 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல். உலகம் முழுக்க விற்ற அந்த வண்டியை ஃபோர்டின் தாய்நாட்டுக்காரர் வாங்க முடியாது. எட்டு வருடம் கழித்து, 2019இல், ரேஞ்சர் அமெரிக்காவுக்குத் திரும்பியது. மிஷிகனில் செய்யப்பட்டு, அளவில் பெரிதாகி, டீசல் இல்லாமல், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினோடு.

டீசல் மறுபடியும் எட்டிப் பார்த்தது. 2016 மாடல் செவ்ரோலே கொலராடோவில் 2.8 லிட்டர் டீசல். எஞ்சின் வந்தது தாய்லாந்திலிருந்து. முழு வண்டிக்குத்தானே கோழி வரி, எஞ்சினுக்கு இல்லையே! ஆனால் நேரம் பார்த்தீர்களா? 2015 செப்டம்பரில்தான் ஃபோக்ஸ்வேகனின் டீசல் மோசடி வெடித்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு புகை, சாலையில் வேறு புகை. அதன் பிறகு எந்த டீசலையும் சந்தேகத்தோடு பார்த்த சுற்றுச்சூழல் துறை கொலராடோவையும் சாலையில் ஓட்டிச் சோதித்துவிட்டுத்தான் அனுமதித்தது. அடுத்த தலைமுறை கொலராடோ 2023 மாடலாக வந்தபோது அதில் இருந்தது ஒரே எஞ்சின், 2.7 லிட்டர் டர்போ பெட்ரோல். ஜெனரல் மோட்டார்ஸ் 2020லேயே தாய்லாந்தை விட்டுக் கிளம்பி, ராயோங் ஆலையைச் சீனாவின் கிரேட் வால் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

2024 மாடல் டகோமாவில் டொயோட்டா வி6 எஞ்சினை நிறுத்தியபோது பலருக்கு மனசு ஆறவில்லை. புது 2.4 லிட்டர் டர்போவின் உச்ச சக்தி 278 குதிரைத்திறன். பழைய வி6 தந்ததும் 278. அதே சக்தி, இரண்டு சிலிண்டர் குறைவு, இழுவை அதிகம், கூடவே 326 குதிரைத்திறன் தரும் ஹைப்ரிட். கணக்குப்படி லாபம்தான். ஆனாலும் முழங்கிக்கொண்டிருந்த ஒன்று போய்விட்டதாக அவர்களுக்குப் பட்டது. 1988இல் டர்போவைத் தூக்கிவிட்டு வி6 வைத்த அதே கம்பெனி, முப்பத்தாறு வருடம் கழித்து வி6ஐத் தூக்கிவிட்டு டர்போ வைத்தது. நிசான் ஃப்ராண்டியரில் இன்னும் 3.8 லிட்டர் வி6 இருக்கிறது. அதை ஓட்டுகிறவர்களுக்கு இப்போது அதில் ஒரு பெருமை.

*

இன்று எல்லா ஜோசியமும் ஒரே சமயத்தில் பலித்துக்கொண்டிருக்கிறது, வேறுவேறு ஊர்களில். 2024 மே மாதம் சீனாவின் பிஒய்டி, 'ஷார்க்' பிக்அப்பை மெக்சிகோ சிட்டியில் அறிமுகப்படுத்தியது. 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், இரண்டு மோட்டார்கள், சுவரில் செருகிச் சார்ஜ் செய்யலாம், 400ஐத் தாண்டிய குதிரைத்திறன். ஆஸ்திரேலியாவில் ரேஞ்சரே சார்ஜ் செய்யும் ஹைப்ரிடாகக் கிடைக்கிறது. 2025 நவம்பரில் பாங்காக்கில் வெளியான புது ஹைலக்ஸ், டீசலிலும் 59.2 கிலோவாட் மணி பேட்டரியிலும் வருகிறது. 2028இல் ஹைட்ரஜன் ஹைலக்ஸும் வரும் என்று டொயோட்டா அறிவித்திருக்கிறது.

ஷார்க் மெக்சிகோ வரை வந்துவிட்டது, எல்லையைத் தாண்டி டெக்சாஸுக்கு வர முடியாது. காரணம் எஞ்சினில் இல்லை. கோழி வரி சாகவில்லை என்பதற்கு ஒரு சின்ன உதாரணம்: துருக்கியில் செய்த வேன்களில் பின்னிருக்கை வைத்து ஆள் ஏறும் வண்டியாக இறக்கி, இறங்கியதும் இருக்கையைக் கழற்றிய விவகாரத்துக்காக 2024இல் ஃபோர்டு 365 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சுபாரு செய்த அதே வித்தை, பல வருடம் கழித்து. இன்னொரு பக்கம், 2025 ஜூலையில் அமெரிக்கா ஒரு சட்டத்தின் வழியாக மைலேஜ் அபராதத்தைப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டது. விதி இருக்கிறது, மீறினால் தண்டனை இல்லை. செப்டம்பர் 30ஓடு மின்சார வண்டிக்கான வரிச்சலுகையும் முடிந்தது. உடனே, "அப்போ வி8 திரும்பி வருமா?" என்று புது ஜோசியம் கிளம்பிவிட்டது. வரலாம். நாலு வருடத்தில் இன்னொரு அரசு வந்து இன்னொரு கையெழுத்தும் போடலாம். எஞ்சின் ஒன்றை உருவாக்கி ஆலை போட நாலைந்து வருடம் ஆகும். தேர்தலும் நாலு வருடத்துக்கு ஒருமுறைதான்.

இந்தக் கதையின் ஒரு நுனி நம்மூர்ப் பக்கமும் வந்து நிற்கிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகர் ஆலையை நம்பி இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எரிபொருள் எஞ்சினுக்கே இனி எதிர்காலம் இல்லை என்று பேசப்பட்ட நேரம் அது. 2025 அக்டோபர் 31ஆம் தேதி அதே ஃபோர்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029இல் உற்பத்தி, வருடத்துக்கு 2,35,000. அங்கே செய்யப்போவது பேட்டரியும் இல்லை, காரும் இல்லை. எஞ்சின்கள். எந்த வண்டிக்கு என்று கம்பெனி அப்போது வாய் திறக்கவில்லை.

ரேஞ்சருக்கு இருக்குமோ? இதோ, நானும் ஜோசியம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இப்போது அதற்குப் பதில் தேட நான் பானட்டைத் திறக்க மாட்டேன். 2029க்குள் எந்தெந்த ஊரில் யார் யார் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்ப்பேன். மறைமலை நகரில் வேலைக்குச் சேரக் காத்திருக்கும் ஐடிஐ பையனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவனுக்கு இது விளையாட்டு இல்லை.